எழும்பூரில் ஓடிய 1855 மாடல் இன்ஜின்: அதைச் செய்த ஜேம்ஸ் கிட்சன் யார்?

ஆலங்குளத்தில் இருந்து சென்னைக்கு வேலைக்கு வருபவர்களுக்குப் பழக்கமான வழி ஒன்று உண்டு. (தென்காசி மாவட்ட ஆலங்குளம் இல்லை. இது விருதுநகர் மாவட்டத்தில், சிமென்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம்.) பஸ் பிடித்து சிவகாசிக்கோ ராஜபாளையத்துக்கோ போய், ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடிந்ததும் எழும்பூர். கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, மெட்ரோவுக்கோ ஆட்டோவுக்கோ ஓடுவோம்.

அதே எழும்பூர் நிலையத்தில் இருந்து சில சுதந்திர தினங்களிலும் பாரம்பரிய ரயில் விழாக்களிலும் வேறொரு ரயிலும் கிளம்பியிருக்கிறது. ஒரே ஒரு பெட்டி, முன்னால் கரிப்புகை கக்கும் குட்டி இன்ஜின். கோடம்பாக்கம் வரை போய்த் திரும்பும். வீடியோ பார்த்திருப்பீர்கள். அந்த இன்ஜினின் பெயரே ‘எக்ஸ்பிரஸ்’தான். ரயில்வே அதை ஈ.ஐ.ஆர்-21 என்று அழைக்கிறது. செய்யப்பட்ட ஆண்டு 1855. அதாவது, சிப்பாய்க் கலகம் நடப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு.

இந்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் ‘ஆங்கிலேயர் காலத்து இன்ஜின்’ என்ற ஒற்றை வரி கட்டாயம் வரும். எந்த ஆங்கிலேயர்? அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, சுவாரசியமான ஒரு கதையும் இருக்கிறது. அந்தக் கதையில் நமக்கு ஒரு கணக்குப் பாக்கியும் இருக்கிறது.

மதுக்கடைக்காரர் மகன்

ஜேம்ஸ் கிட்சன் பிறந்தது 1807ல், இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரத்தில். அப்பா வில்லியம் கிட்சன் ஒரு மதுக்கடை நடத்தியவர். குடும்பத்தில் இன்ஜினீயர் யாரும் கிடையாது. பெரிய சொத்தும் கிடையாது.

ஆனால் பிறந்த ஊர் அப்படி. லீட்ஸ் கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம். 1812ல், கிட்சனுக்கு 5 வயது இருக்கும்போதே, லீட்ஸ் ஓரத்தில் உள்ள மிடில்டன் சுரங்கப் பாதையில் நீராவி இன்ஜின் கரிவண்டிகளை இழுக்கத் தொடங்கிவிட்டது. அதைச் செய்தவர் மேத்யூ முர்ரே என்ற உள்ளூர் மெக்கானிக். உலகத்தில் பெரும்பாலோருக்கு ரயில் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், இந்தப் பையன் இன்ஜினைக் கண்ணால் பார்த்து வளர்ந்தான்.

அடுத்து வந்ததுதான் முக்கியம். 1824ல் லீட்ஸில் ‘மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்’ என்று ஒன்று தொடங்கினார்கள். பகலில் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து அறிவியல், கணக்கு, வரைபடம் எல்லாம் படிக்கலாம். நூலகமும் உண்டு. பல்கலைக்கழகம் பக்கமே போக முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. இன்றைக்கு ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ஆன்லைன் கோர்ஸ் பார்ப்பவர்களின் கொள்ளுத் தாத்தாக்கள் இவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே மாலை வகுப்புக்குப் போன கிட்சன் கையில் நிக்கோலஸ் வுட் எழுதிய ரயில்பாதை பற்றிய நூல் கிடைத்தது. 1825ல் வெளியான புத்தகம். தண்டவாளம் எவ்வளவு எடை தாங்கும், குதிரை எவ்வளவு இழுக்கும், இன்ஜின் எவ்வளவு இழுக்கும் என்று சோதித்துப் பார்த்து எழுதப்பட்டது. மதுக்கடைக்காரர் மகனை ரயில் தொழிலுக்குத் திருப்பியது அந்தப் புத்தகம்தான். 1830ல் லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில்பாதை திறந்தபோது, இது பொம்மை வேலை இல்லை, தொழில் என்பது எல்லோருக்கும் புரிந்துபோனது.

மூன்று பேர், மூன்று விதம்

1837ல் கிட்சனுக்கு வயது 30. சார்லஸ் டாட் என்பவரோடு கூட்டு சேர்ந்தார். டாட், மேத்யூ முர்ரேயிடம் தொழில் பழகியவர். கைவேலை தெரியும். பணம்? டேவிட் லெயர்ட் என்ற வசதியான விவசாயி போட்டார். இன்றைய மொழியில் சொன்னால் டெக்னிக்கல் பார்ட்னர் ஒருவர், முதலீட்டாளர் ஒருவர், நடுவில் ஓடியாடும் ஃபவுண்டர் கிட்சன். இடம், லீட்ஸின் ஹன்ஸ்லெட் பகுதி.

முதல் பெரிய ஆர்டரே லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில்வேயிடம் இருந்து வந்தது. ஆறு சரக்கு இன்ஜின்கள். 1838ல் அவற்றில் முதலாவது வெளியே வந்தது. அதற்கு ‘லயன்’ என்று பெயர்.

இந்த ‘லயன்’ தனிக் கதை. ரயிலில் வேலை முடிந்ததும் 1859ல் அதை லிவர்பூல் துறைமுகத்துக்கு விற்றுவிட்டார்கள். துறைமுகத்துக்காரர்கள் அதை ஓட்டவில்லை. ஓரிடத்தில் நிறுத்திவைத்து, தண்ணீர் இறைக்கும் பம்பாகப் பயன்படுத்தினார்கள். 1928 வரை. நம்மூரில் பழைய லாரி இன்ஜினைக் கழற்றிக் கிணற்றில் மோட்டாராக மாட்டுவார்கள் இல்லையா, அதேதான். அப்படி மறைந்து கிடந்ததால்தான் இரும்புக்கடைக்குப் போகாமல் தப்பித்தது. பிறகு மீட்டு ஓடவிட்டார்கள். 1953ல் வெளியான ‘தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்’ என்ற ஆங்கிலப் படத்தில் ஹீரோவே அந்த இன்ஜின்தான். இப்போது லிவர்பூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கூட்டணி மட்டும் நிலைக்கவில்லை. கைவேலை தெரிந்த டாட் சீக்கிரமே பிரிந்து போய் வேறு பட்டறை தொடங்கினார். போட்ட பணத்துக்கு வருமானம் போதவில்லை என்று லெயர்டும் விலகினார். பெரும்பாலான ஸ்டார்ட்-அப் கதைகள் இங்கேயே முடிந்துவிடும். கிட்சன் 1842 வாக்கில் ஐசக் தாம்சன், வில்லியம் ஹெவிட்சன் இருவரையும் சேர்த்துக்கொண்டு ‘கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன்’ என்று மறுபடி கிளம்பினார். அந்தப் பட்டறைக்கு ஏர்டேல் ஃபவுண்டரி என்று பெயர்.

1851ல் லண்டனில் உலகப் பொருட்காட்சி. விக்டோரியா ராணியே திறந்துவைத்த கண்ணாடி மாளிகையில் கிட்சன் கம்பெனியும் ஒரு இன்ஜினை நிறுத்தியது. மூன்று ஜோடிச் சக்கரம், நடுவில் பெரிய ஜோடி, தண்ணீர்த் தொட்டி அடியில். எழும்பூர் இன்ஜினைப் பார்த்தவர்களுக்கு இந்த வர்ணனை தெரிந்த முகமாக இருக்கும். கிட்டத்தட்ட அதே அமைப்புதான் நான்கு ஆண்டுகள் கழித்துக் கப்பலேறியது.

அந்தப் பெரிய சக்கரம் எதற்கு?

விக்டோரியா காலத்து எக்ஸ்பிரஸ் இன்ஜின்களைப் படத்தில் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். எல்லாச் சக்கரமும் ஒரே அளவில் இருக்காது. நடுவில் ஒரே ஒரு ஜோடி மட்டும் ஆள் உயரத்துக்கு நிற்கும். அழகுக்காக இல்லை.

நீராவி இன்ஜினில் கியர் கிடையாது. பிஸ்டன் ஒருமுறை முன்னும் பின்னும் போய்வந்தால் சக்கரம் ஒரு சுற்று. அவ்வளவுதான். அந்தக் காலத்து இரும்பு, எண்ணெய், பேரிங் எதுவுமே பிஸ்டன் ரொம்ப வேகமாக அடித்துக்கொள்வதைத் தாங்காது. பிஸ்டன் வேகத்தைக் கூட்டாமல் ரயில் வேகத்தைக் கூட்ட என்ன வழி? சக்கரத்தைப் பெரிதாக்கு. ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும்.

ஈ.ஐ.ஆர்-21ன் நடுச்சக்கரம் 6 அடி விட்டம். ஒரு சுற்றுக்கு சுமார் 5.7 மீட்டர். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 116 சுற்று சுற்றும். வேகமாக நடக்கும் ஒருவரின் நாடித்துடிப்பு அளவு. சிலிண்டர் வெறும் 12 அங்குல விட்டம்தான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இழுக்கிற வேலையை ஒரே ஒரு ஜோடிச் சக்கரம் மட்டும் செய்வதால் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. மழை பெய்தாலோ, பாரம் கூடினாலோ, மேடு வந்தாலோ சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். அதனால் இந்த வகை இன்ஜின்கள் லேசான, வேகமான பயணிகள் ரயிலுக்கு மட்டுமே. இங்கிலாந்தில் இந்த வடிவம் நீண்ட நாள் கொடிகட்டிப் பறந்தது. 1870ல் பேட்ரிக் ஸ்டெர்லிங் என்பவர் 8 அடிச் சக்கரம் வைத்தே செய்துவிட்டார். அவருடைய முதல் இன்ஜின் இன்றும் யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கங்கைச் சமவெளியும் மேஜைபோல் தட்டை. அங்கே பெரிய மேடு ஏற வேண்டிய வேலை இல்லை. எனவே கிட்சனின் ஒற்றைச் சக்கர ஜோடி இன்ஜின் அந்தப் பாதைக்குச் சரியாகப் பொருந்தியது.

கல்கத்தாவுக்கு வந்த கதை

ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் ஆரம்பமே தடங்கல்தான். முதல் இன்ஜினைச் சுமந்த கப்பல் வழிமாறி ஆஸ்திரேலியா போய்விட்டது. மாதிரிப் பெட்டிகளைச் சுமந்து வந்த ‘குட்வின்’ கப்பல் கங்கை முகத்துவாரத்தில் மூழ்கிவிட்டது. பெட்டிகளைக் கல்கத்தாவிலேயே உள்ளூர்த் தொழிலாளர்களை வைத்துச் செய்துகொண்டார்கள். ஒருவழியாக 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவில் இருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடியது. 1855 பிப்ரவரியில் பாதை ராணிகஞ்ச் நிலக்கரி வயல் வரை நீண்டது.

அந்த ஆண்டுதான் 21, 22 எண்ணிட்ட கிட்சன் இன்ஜின்கள் லீட்ஸில் தயாராகிக் கல்கத்தா வந்தன. 21க்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். 22 நீண்ட காலம் பெயரில்லாமல் இருந்து, 1895ல் ‘ஃபேரி குயின்’ ஆனது. கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த, டெல்லி-அல்வர் சுற்றுலா ரயிலை இழுத்த அதே ஃபேரி குயின்தான். பக்கத்துப் பக்கத்து நம்பர். அண்ணன், தம்பி.

1857ல் வட இந்தியா கொதித்தபோது, கல்கத்தாவில் வந்திறங்கிய பிரிட்டிஷ் படைகள் இந்த ரயில்பாதை வழியாகத்தான் ராணிகஞ்சுக்கு வேகமாகக் கொண்டுபோகப்பட்டன. ஃபேரி குயினும் அந்தப் படை ரயில்களை இழுத்தது. பாரம்பரியப் பயணத்தில் செல்ஃபி எடுக்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

யார் காசு?

கிட்சன் கெட்டவரா என்றால், இல்லை. அவர் நல்ல இன்ஜின் செய்தார், விற்றார். ஆனால் அவருக்குக் கிடைத்த சந்தை எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

1849ல் கிழக்கிந்தியக் கம்பெனி ரயில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. நிலம் இலவசம். முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் உத்தரவாதம். லாபம் அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை இந்திய வருவாயில் இருந்து, அதாவது இங்குள்ள விவசாயி கட்டும் வரியில் இருந்து கொடுப்பார்கள். முதலீடு செய்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனில் இருந்தார்கள். நஷ்டமே கிடையாது என்றால் யாராவது விலை பேரம் பேசுவார்களா? தண்டவாளம், இன்ஜின், ஆணி எல்லாமே பிரிட்டனில் இருந்தே வாங்கினார்கள். 1855ஐ ஒட்டிய காலத்தில் இருந்து கிட்சன் பட்டறைக்கு இந்திய ஆர்டர்கள் பெரிய பலமாக மாறின. 1854ல் அவர் மங்க்பிரிட்ஜ் இரும்பு ஆலையையும் வாங்கி மகன்களிடம் ஒப்படைத்தார். இரும்பும் சொந்தம், பட்டறையும் சொந்தம்.

இங்கே என்ன நடந்தது? ஜமால்பூரில் 1862ல் பெரிய பணிமனை வந்தது. அங்கே ஆயிரக்கணக்கான இந்தியர்கள் இன்ஜினைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், பழுது பார்த்தார்கள். ஆனால் ஒரு முழு இன்ஜின் இந்தியாவிலேயே உருவாக 1895 ஆனது. அஜ்மீர் பணிமனையில் செய்தார்கள். ஜமால்பூரில் 1899ல். கைத்திறமை இல்லாமலா 40 ஆண்டு ஆனது? பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குச் செய்யத் தெரியாதா? செய்ய விடவில்லை, அதுதான் விஷயம். சுதந்திரத்துக்குப் பிறகு 1950ல் சித்தரஞ்சன் ஆலை தொடங்கிய பிறகே நிலைமை மாறியது.

லீட்ஸில் ஒரு மதுக்கடைக்காரர் மகனுக்கு மாலை வகுப்பும், ஒரு புத்தகமும், முதல் ஆர்டரும் கிடைத்தன. ஜமால்பூர் ஃபிட்டர் ஒருவருக்கு முதல் ஆர்டர் கிடைக்க வாய்ப்பே இல்லை.

மேயர் கிட்சன்

கிட்சனின் பின்பாதி வாழ்க்கை வெற்றிக் கதைகளில் வழக்கமாக வருவதுதான். 1860, 1861 ஆண்டுகளில் லீட்ஸ் மேயர். ரவுண்ட்ஹே பகுதியில் எல்மீட் ஹால் என்ற மாளிகை. 1858ல் தாம்சன் விலக, 1863ல் ஹெவிட்சன் இறக்க, கம்பெனி ‘கிட்சன் அண்ட் கோ’ ஆனது. 1885ல் எல்மீட் ஹாலில் காலமானார். அப்பா பெயரையே கொண்ட மகன் ஜேம்ஸ் கிட்சன், லிபரல் கட்சி எம்.பி.யாகி, லீட்ஸின் முதல் லார்டு மேயராகி, 1907ல் ‘பேரன் ஏர்டேல்’ பட்டமும் வாங்கினார். மூன்று தலைமுறைக்குள் மதுக்கடையில் இருந்து பிரபுக்கள் சபை.

கம்பெனி 1938ல் மூடப்பட்டது. நூறு ஆண்டுகளில் 5,400 இன்ஜின்கள் வரை செய்திருந்தது.

ஹவுராவில் நின்ற இன்ஜின்

21ம் 22ம் 1909ல் ஓய்வு பெற்றன. ‘எக்ஸ்பிரஸ்’ ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நூறாண்டு நின்றது. ‘ஃபேரி குயின்’ 1943 வரை ஹவுரா நிலையத்தில் நின்றது.

இங்கே நம்மூர் ஆட்கள் இருவர் வருகிறார்கள். 1922ல் சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். அப்போது சிவகாசிக்கு ரயிலே கிடையாது. விருதுநகர்-தென்காசி பாதை வந்ததே 1927ல்தான். மதராஸில் இருந்து போகும் ரயில் கல்கத்தாவில் நிற்கும் இடம் ஹவுரா. லீட்ஸில் செய்த இன்ஜின் மேடையில் காட்சிக்கு நின்ற அதே ஊருக்கு, தொழில் கற்க இருவர் போனார்கள். கற்று, அடுத்த ஆண்டே ஊருக்குத் திரும்பி, சொந்தமாகத் தீப்பெட்டி செய்தார்கள். பட்டாசும் அச்சகமும் அதன் பின்னால் வந்தவை. தீப்பெட்டி செய்ய யாரும் தடை போடவில்லை. அதற்கு 5 சதவீத உத்தரவாதமும் தேவைப்படவில்லை. இன்ஜின் விஷயத்தில் அப்படி ஒரு வழி திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற யோசனை வராமல் இருக்காது.

பெரம்பூர் செய்தது என்ன?

2010ல் ‘எக்ஸ்பிரஸ்’ மறுபிறவி எடுத்தது சென்னை பெரம்பூர் லோகோ பணிமனையில். நூறாண்டு வெயிலும் மழையும் தின்ற இரும்பு. செய்த கம்பெனி மூடி 72 ஆண்டு ஆகிவிட்டது, ஸ்பேர் பார்ட்ஸுக்கு யாரிடம் போவது? ஆர்டர் போட்டு வாங்கவே முடியாத பாகங்களை அளவெடுத்து, வார்த்து, கடைந்து செய்தாக வேண்டும். பெரம்பூர் ஆட்கள் செய்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று மறுபடி ஓடியது. பின்னர் ஃபேரி குயினைச் சீரமைக்கும் வேலையும் இதே பணிமனைக்கு வந்தது. இந்தப் பணிமனையின் வரலாறும் 1856ல், இன்ஜின் பிறந்ததற்கு அடுத்த ஆண்டில், தொடங்குகிறது. ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய அதே ஆண்டு.

இன்னொரு தகவல், ரயில் ஆர்வலர்களுக்கு. இந்த இன்ஜின் அகலப்பாதைக்கானது. எழும்பூர் நிலையமோ 1908ல் மீட்டர்கேஜுக்காகக் கட்டப்பட்டது. ஊரில் இருந்து மீட்டர்கேஜ் ரயிலில் வந்த அப்பா, தாத்தா காலத்தில் இந்த இன்ஜின் எழும்பூருக்குள் வந்திருக்கவே முடியாது. தண்டவாளம் அகலமான பிறகுதான் அது சாத்தியமானது. 2019ல் நாகர்கோவில்-கன்னியாகுமரி இடையிலும் ஓட்டினார்கள்.

அடுத்த முறை தெற்கு ரயில்வே பாரம்பரியப் பயணம் அறிவித்தால், டிக்கெட் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கிளம்பும் நேரத்தில் பிளாட்பாரத்தில் நின்று நடுச்சக்கரத்தை மட்டும் பாருங்கள். பாரத்தை நகர்த்தும்போது ஒன்றிரண்டு சுற்று வழுக்கினாலும் வழுக்கும். டிரைவர் நீராவியைக் கொஞ்சம் குறைப்பார். பிறகு பிடிமானம் கிடைத்து மெல்ல நகரும்.